பழைய பாய்மரப் படகின் ஏராவைக் கழற்றிச் சரிசெய்வது

காரைக்குடியில் என்ன பாய்மரப் படகு என்று சிரிக்க வேண்டாம். தொண்டிக் கடற்கரையில் இந்த வேலையைச் செய்தால், தேய்த்த இரும்பு உப்புக்காற்றில் சாயங்காலத்துக்குள் பழுத்துவிடும். அதனால்தான் நண்பர் தன் 24 அடி ஃபைபர் படகை லாரியில் ஏற்றி என் லேத் பட்டறைக்கே கொண்டுவந்தார்.

படகின் அடியில் போல்ட் போட்டு மாட்டிய கனமான வார்ப்பிரும்பு அடிக்கட்டைதான் ஏரா. அதுவும் படகும் சேரும் இடம் முன்பக்கம் லேசாக வாய் பிளந்து, காவி ஒழுகியிருந்தது. உள்ளே நட்டுகளோ பளபளவென்று இருந்தன. அந்தப் பளபளப்பை நம்பாதீர்கள்.

முதலில் பாய்மரத்தை இறக்குங்கள். அப்புறம், ஏராவைக் கீழே இறக்க நினைக்க வேண்டாம். அதைக் கட்டைகள் மேல் நிறுத்தி, இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, படகைத்தான் மேலே தூக்க வேண்டும். எங்களுக்கு வாய்த்தவை இடித்த வீட்டு பர்மா தேக்கு உத்திரத் துண்டுகள். முன்னும் பின்னும் பெல்ட், ஆளுக்கொரு செயின் பிளாக். தொங்கும் படகுக்கு அடியில் யாரும் தலை நீட்டக் கூடாது.

நட்டுகளுக்கு முந்தின நாளே துரு எண்ணெய் விடுங்கள். தீ காட்டினால் ஃபைபர் கருகும். நட்டு எல்லாம் வந்தாலும் பழைய பசை விடாது. செயின் பிளாக்கில் லேசாகப் பாரம் ஏற்றி, ஹாக்ஸா பிளேடால் சுற்றிலும் அறுத்து, மர ஆப்புகளைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம். காலையில் ஒரு விரல் இடைவெளி விட்டிருந்தது.

எவர்சில்வர் போல்ட் 20 மி.மீ. மேல் மரை புதுசு மாதிரி. சேரும் இடத்து ஓரங்குலம் மட்டும் எலி கடித்த கரும்பு. வெர்னியர் வைத்தால் 12. அதாவது, தாங்கும் இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். எவர்சில்வரைக் காக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்துக்கு ஆக்சிஜன் வேண்டும். இடுக்கில் தேங்கிய உப்புத் தண்ணீரில் அது கிடைக்காது, குளோரைடு குழி பறித்துவிடும். மின்வேதியியல் ஆய்வு நிலையமான சிக்ரி இருக்கிற ஊரில் இது டீக்கடைப் பேச்சு.

ஒன்று கெட்டிருந்தால் ஆறு போல்ட்டையும் மாற்றுங்கள். 304 ரக எவர்சில்வர் மலிவுதான், கடலுக்கு 316 ரகம் போடுங்கள். நட்டுக்கு அடியில் சின்ன வாஷர் போதாது, தடிமனான பிளேட் வேண்டும்.

ஏராவை மணல் வீசி வெள்ளையாக்கிய அன்றைக்கே எபாக்சி பிரைமர் அடியுங்கள். விடியற்காலையில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். பங்குனி வெயிலில் என் முதல் டப்பா புகைவிட்டுக் கையிலேயே கல்லானது.

படகின் அடியை நாணயத்தால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் சரி, பொத்தென்றால் ஃபைபர் அடுக்கு பிரிந்திருக்கிறது, அதை முதலில் பாருங்கள். பசையில்லாமல் ஒருமுறை பொருத்திப் பார்த்துவிட்டு, பாலியூரித்தேன் பசையைத் தாராளமாகத் தடவிப் படகை இறக்குங்கள். ஓரமெல்லாம் பசை பிதுங்கும் வரை மட்டும் முறுக்குங்கள். பசை இறுகிய பிறகு, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில், போல்ட் அட்டவணைப்படி, நடுவிலிருந்து மாற்றி மாற்றி முழுசாக.

தண்ணீரில் இறக்கிச் சில வாரம் கழித்து மறுபடி ரெஞ்ச் வைக்க வேண்டும். நண்பர் தொண்டியிலிருந்து போன் செய்தார்: இரண்டு நட்டு கால் சுற்று வாங்கியதாம். "உள்ளே சொட்டுத் தண்ணி இல்லண்ணே."