வேலை தேடுமுன் ஒரு வேலையைக் கொடுத்துப் பாருங்கள்: ஃப்ரீலான்ஸ் தளங்களுக்குப் புதியவர்களுக்கு

என் தங்கையின் தோழி ஒருத்தி மேற்கு மாம்பலத்தில் இருக்கிறாள். தி.நகர் புடவைக் கடைகளுக்குப் படங்களைத் திருத்திக் கொடுப்பவள். போட்டோஷாப்பில் கை தேர்ந்தவள். போன வருடம் என்னிடம் வந்து, “அக்கா, ஆறு மாசமா அப்வொர்க்ல ப்ரொஃபைல் வெச்சிருக்கேன், ஒரு வேலைகூட வரலை” என்றாள். வேலை கொடுப்பவரையும், வீட்டிலிருந்தே தனித்தனி வேலையாக எடுத்துச் செய்பவரையும் இணைக்கும் இணையதளம் அது. ப்ரொஃபைலைப் பார்த்தேன், சுமாராக நன்றாகவே இருந்தது. “முதல்ல அதே தளத்துல நீ ஒரு வேலை கொடு” என்றேன். வேலை தேடி வந்தவளிடம் வேலை கொடுக்கச் சொல்கிறேனே என்று சிரித்தாள்.

இந்தப் பதிவும் அதே வரிசையில்தான் போகும். நான் வேளச்சேரியில் உட்கார்ந்து தமிழ் நேர்காணல்களைக் கேட்டு எழுத்தாக்குகிறேன், சப்டைட்டில் போடுகிறேன். எனக்கு வரும் வேலை எல்லாம் இந்தத் தளங்கள் வழியாக வருவதுதான். அதில் ஒரு பகுதியைப் பிறருக்குக் கொடுப்பதும் அதே வழியில்தான். மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருப்பதால் சொல்கிறேன்.

எந்தத் தளம்?

இவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்று டெண்டர் மாதிரி: வேலை கொடுப்பவர் விளம்பரம் போடுவார், நீங்கள் விண்ணப்பம் எழுத வேண்டும். அப்வொர்க்கும், சிட்னியில் தலைமையகம் உள்ள ஃப்ரீலான்சர் டாட் காமும் பெரும்பாலும் இப்படி. இன்னொன்று கடை போடுவது மாதிரி: “இந்த வேலையை இந்த விலைக்குச் செய்வேன்” என்று நீங்கள் பலகை மாட்டி வைக்க, வாடிக்கையாளர் தேடி வருவார். 2010இல் இஸ்ரேலில் தொடங்கிய ஃபைவர் இந்த வகை. எல்லாமே 5 டாலர் என்று ஆரம்பித்ததால் அந்தப் பெயர். அப்வொர்க் என்பது ஈலான்ஸ், ஓடெஸ்க் என்ற இரண்டு பழைய தளங்கள் சேர்ந்து 2015இல் வைத்துக்கொண்ட பெயர். பழைய ஆட்கள் இன்னும் ஓடெஸ்க் என்றே சொல்வார்கள்.

கமிஷன் எல்லா இடத்திலும் உண்டு. ஃபைவர் உங்கள் சம்பாத்தியத்தில் 20 சதவீதம் எடுத்துக்கொள்ளும். அப்வொர்க்கில் சில காலம் எல்லோருக்கும் 10 சதவீதமாக இருந்தது. 2025 மே மாதத்திலிருந்து வேலையைப் பொறுத்து 0 முதல் 15 வரை மாறுகிறது, ஒப்புக்கொள்ளும் முன்பே எவ்வளவு என்று திரையில் காட்டிவிடும். ஆரம்பத்தில் ஒரே ஒரு தளம் போதும். மூன்று இடத்தில் கணக்குத் திறந்தால் மூன்றையும் பாதியில் விடுவீர்கள்.

படி 1: ஒரு சின்ன வேலையைக் கொடுங்கள்

அப்வொர்க்கில் ஒரே லாகினில் வேலை செய்பவர், வேலை கொடுப்பவர் என்று இரண்டு கணக்கும் வைத்துக்கொள்ளலாம். கார்டு கொடுக்கும்போதுதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். நம் வங்கி கார்டுகளில் சர்வதேசப் பரிவர்த்தனை வழக்கமாக அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். 2020இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதி அது. வங்கியின் ஆப்பில் போய் அதை இயக்கி, ஒரு வரம்பும் வைத்து, வேலை முடிந்ததும் திரும்ப அணைத்துவிடுங்கள்.

எந்த வேலையைக் கொடுப்பது? தனியாகப் பிரித்துக் கொடுக்க முடிய வேண்டும், முடிந்ததா இல்லையா என்று உங்களால் பார்த்தவுடன் சொல்ல முடிய வேண்டும். அந்த மாம்பலத்துப் பெண் தன் மாதிரிப் படங்களுக்குக் கீழே எழுதியிருந்த 400 வார்த்தை ஆங்கிலத்தைச் சீர்திருத்தக் கொடுத்தாள். பட்ஜெட் 15 டாலர். முதலில் அவள் எழுதிய விளம்பரம் “நல்ல ஆங்கில எழுத்தாளர் தேவை, அவசரம்” என்று ஒரே வரி. அதை அழித்துவிட்டு இப்படி மாற்றினோம்:

“என்னிடம் 400 வார்த்தை ஆங்கிலக் குறிப்பு இருக்கிறது, புடவைப் படங்களைத் திருத்தும் என் தொழிலைப் பற்றியது. இலக்கணப் பிழை நீக்கி, படிக்க எளிதாக்கித் தர வேண்டும். புதிதாக எதுவும் சேர்க்க வேண்டாம். வேர்ட் கோப்பாக, 2 நாளில். இந்த விளம்பரத்தை முழுக்கப் படித்திருந்தால் உங்கள் பதிலை ‘முந்தானை’ என்ற சொல்லோடு ஆரம்பியுங்கள்.”

சாயங்காலம் போட்டது, ராத்திரி படுக்கப் போவதற்குள் 27 விண்ணப்பம். உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தோம். 19 பேர் “டியர் சர்” என்று ஆரம்பித்திருந்தார்கள். பத்து வருட அனுபவம், நூறு சதவீதத் திருப்தி, 24 மணி நேரமும் தயார். முந்தானை என்று ஆரம்பித்தவர்கள் நாலே பேர். அதில் ஒருவர் மட்டும் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: “இதைப் படிக்கப்போவது உள்ளூர்க் கடைக்காரர்களா, வெளிநாட்டில் ஆன்லைனில் விற்பவர்களா? அதைப் பொறுத்து நடை மாறும்.” அவருக்கே வேலை போனது. நாலு பேரில் அவர் ரேட்தான் அதிகம்.

அப்புறம் அவளிடம், இதுவரை நீ அனுப்பிய விண்ணப்பங்களைத் திற என்றேன். முதலாவதைத் திறந்தாள். “டியர் சர்.” கொஞ்ச நேரம் பேசவில்லை.

இதை நான் வாயால் பத்து முறை சொல்லியிருந்தாலும் அவளுக்கு உறைத்திருக்காது. விண்ணப்பங்கள் வரிசையாகக் கிடக்கும்போது, திறக்காமலே கண்ணில் படுவது முதல் இரண்டு வரிதான் என்பதும் அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

படி 2: பணம் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

வேலை கொடுப்பவர் பணத்தை முதலிலேயே தளத்திடம் கட்டுவார், வேலை முடிந்து அவர் சரி என்றதும் அது உங்களுக்கு வரும். நடுவில் நிற்கும் இந்தப் பணத்துக்கு எஸ்க்ரோ என்று பெயர். இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு பெரியவரிடம் பணத்தைக் கொடுத்து வைப்பது மாதிரி.

பெரிய வேலையை மைல்ஸ்டோன் மைல்ஸ்டோனாக, அதாவது தனித்தனியாகப் பணம் கட்டும் கட்டங்களாகப் பிரிப்பார்கள். அப்வொர்க்கில் நீங்கள் வேலையை ஒப்படைத்த பிறகு வாடிக்கையாளருக்கு 14 நாள் அவகாசம். அதற்குள் அவர் பதிலே சொல்லாவிட்டால் பணம் தானாக விடுவிக்கப்படும், அதற்கு மேல் 5 நாள் பாதுகாப்புக் காத்திருப்பு. மணிக்கணக்கு வேலை என்றால் அவர்களுடைய ஆப்பை ஓட விட வேண்டும். 10 நிமிடத்துக்கு ஒரு முறை, எப்போது என்று சொல்லாமல், உங்கள் திரையைப் படம் பிடிக்கும். அந்த நேரத்தில் கிரிக்கெட் ஸ்கோர் திறந்திருந்தால் அதுவும் பதிவாகும், ஜாக்கிரதை.

இதில் நானே ஒரு முறை ஏமாந்தேன். ஒரு தளத்தில், மூன்று மைல்ஸ்டோனாகப் பிரித்த வேலை. முதலாவதற்குப் பணம் வந்துவிட்டது, ஆளும் தங்கமாகப் பேசினார். அந்த நம்பிக்கையில் இரண்டாவதற்கு அவர் பணம் கட்டியிருக்கிறாரா என்று பார்க்காமலே ஆறு மணி நேர ஆடியோவை எழுதி அனுப்பிவிட்டேன். கோப்பைப் பெற்றுக்கொண்டவர் அதோடு காணாமல் போனார். கட்டாத பணத்தைத் தளம் எப்படி வாங்கித் தரும்? அன்றிலிருந்து, அந்த மைல்ஸ்டோனுக்குப் பணம் கட்டியாகிவிட்டது என்று திரையில் பார்க்காமல் கோப்பைத் திறப்பதே இல்லை.

படி 3: ப்ரொஃபைல்

இதற்கு ஒரு வாரம் செலவழிக்காதீர்கள், ஒரு நாள் போதும். அவளுடைய தலைப்பு “கிராஃபிக் டிசைனர், போட்டோ எடிட்டர், லோகோ, பேனர், விசிட்டிங் கார்டு” என்று இருந்தது. கல்யாண விருந்து மெனு மாதிரி. அவள் உண்மையில் எதில் கெட்டிக்காரி? தானாகப் பின்னணி நீக்கும் மென்பொருள்கள் பட்டுப் புடவையில் திணறும். முந்தானைக் குஞ்சத்தைக் கடித்துவிடும், ஜரிகை மின்னும் இடத்தை வெள்ளைப் பின்னணி என்று நினைத்து ஓட்டை போட்டுவிடும். இவள் குஞ்சத்தை நூல் நூலாகக் கையால் பிரித்தெடுப்பாள். அதையே தலைப்பாக்கினோம்: “புடவை, துணிப் படங்களில் குஞ்சமும் ஜரிகையும் கெடாமல் பின்னணி நீக்கம்.” தெரிந்த கடைக்காரரிடம் அனுமதி வாங்கி, பத்துப் படத்தைத் திருத்தி, முன்னும் பின்னும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

தமிழையும் ஒரு திறமையாகப் போடுங்கள். எனக்குச் சோறு போடுவதே அதுதான். சென்னைத் தமிழும் நெல்லைத் தமிழும் கேட்டுப் புரிந்து எழுத ஆள் வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்களும் ஆவணப்பட எடிட்டர்களும் தேடிக்கொண்டே இருக்கிறார்கள்.

படி 4: விண்ணப்பம்

அப்வொர்க்கில் விண்ணப்பிக்கவே காசு: கனெக்ட் என்ற டோக்கன், ஒன்று 0.15 டாலர். ஒரு வேலைக்குப் பல கனெக்ட் கேட்கும். ஆகவே ஒரு நாளைக்கு இரண்டு போதும், அவை நல்ல இரண்டாக இருக்கட்டும். அனுப்பும் முன் மூன்றைப் பாருங்கள்: அவருடைய பணம் செலுத்தும் முறை சரிபார்க்கப்பட்டிருக்கிறதா, இதற்கு முன் விளம்பரம் போட்டுவிட்டு யாரையாவது வேலைக்கு எடுத்தாரா, ஏற்கெனவே எத்தனை பேர் விண்ணப்பித்துவிட்டார்கள். ஐம்பதைத் தாண்டியிருந்தால் நான் தொடுவதில்லை.

நேரமும் முக்கியம். நியூயார்க் நம்மைவிடக் கோடையில் ஒன்பதரை மணி நேரமும், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் பின்தங்கி இருக்கிறது. அங்கே காலை ஒன்பதுக்கு ஆபீஸ் திறக்கும்போது இங்கே மாலை ஆறரை அல்லது ஏழரை. அந்த நேரத்தில் உட்காருங்கள்.

அவளுக்கு முதல் வேலை வாங்கிக் கொடுத்த விண்ணப்பம், தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: “உங்கள் விளம்பரத்தில் உள்ள மூன்றாவது படத்தில் குஞ்சத்துக்கு நடுவே பழைய பின்னணியின் சாம்பல் நிறம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஒரு மூலையை மட்டும் சரிசெய்து இணைத்திருக்கிறேன். 50 படம், 5 நாள், 75 டாலர். நிழல் வேண்டுமா, வேண்டாமா?”

75 டாலரில் கைக்கு எவ்வளவு வரும்? கமிஷன் 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 7.50. ஜிஎஸ்டி எண் இல்லாதவர் என்றால் அந்தக் கமிஷன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, அது 1.35. மீதி 66.15. ரூபாயாக மாற்றும்போது இன்னும் கொஞ்சம் கழியும். ரேட் சொல்லும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள், பிறகு போட்டால் வயிறு எரியும்.

படி 5: இவற்றைக் கண்டால் நகர்ந்துவிடுங்கள்

வேலை தருவதற்கு முன் டெபாசிட் கேட்பவர். முதல் மெசேஜிலேயே டெலிகிராமுக்கு வா என்பவர். உன் கணக்கை மாத வாடகைக்குக் கொடு என்பவர். மாதிரி என்று சொல்லி முழு வேலையையும் இலவசமாக வாங்கப் பார்ப்பவர். வெளியே நேரடியாகப் பணம் தருகிறேன், கமிஷன் மிச்சம் என்பவர் நல்லவராகக்கூட இருக்கலாம். ஆனால் அப்வொர்க்கில் அறிமுகமானவரோடு இரண்டு வருடம் வரை அங்கேயே பணம் வாங்க வேண்டும் என்பது விதி, மீறினால் கணக்கு போய்விடும். பணத்தை இழந்துவிட்டால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள், சைபர் குற்றப் புகாருக்கான எண் அது.

வரி பற்றிச் சுருக்கமாக. பணம் எடுக்கும் முன், நான் அமெரிக்கர் இல்லை என்று அறிவிக்கும் டபிள்யூ-8பிஇஎன் படிவத்தை அப்வொர்க் கேட்கும், நிரப்பிவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தாலும் அது உங்கள் வருமானம்தான், கணக்குக் காட்ட வேண்டும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் தேவை. அந்த எல்லைக்குப் பக்கத்தில் போகும் முன்பே ஒரு ஆடிட்டரைப் பாருங்கள்.

படி 6: வேலை குவிந்தால் பிரித்துக் கொடுங்கள்

கையில் வேலை நிறைந்ததும் முதல் படியில் கற்றது திரும்ப உதவும். முழு வேலையையும் தூக்கிக் கொடுக்காதீர்கள். நான் வசனம் எழுதுவதை வைத்துக்கொண்டு, எந்த நொடியில் எந்த வரி வர வேண்டும் என்று டைம்கோடு போடுவதை மட்டும் வெளியே கொடுக்கிறேன். முதலில் ஐந்து நிமிட வீடியோ, அதற்கும் பணம் உண்டு. சரியாக வந்தால் அரை மணி நேரம். வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுகிறேன், ஏனென்றால் நேர்காணலில் பேசுபவர்களின் சொந்த விஷயங்கள் இருக்கும்.

ஆள் எடுக்கும்போது வேறு ஊரில் இருப்பவராகப் பார்த்து எடுங்கள். இது எந்த வழிகாட்டியிலும் பார்க்காதது, மிக்ஜாம் புயல் கற்றுக்கொடுத்தது. 2023 டிசம்பர் 4ஆம் தேதி எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். மூன்று நாள் கரண்ட் இல்லை, போனில் சிக்னலும் இல்லை. அந்தப் புதன்கிழமை ஒரு ஆவணப்படத்தின் சப்டைட்டில் கொடுத்தாக வேண்டும். டைம்கோடு போடுபவர் திருநெல்வேலியில் இருந்தார், கோப்பு பாதி அவரிடம் இருந்தது. என்னிடமிருந்து ஒரு சத்தமும் இல்லாததைப் பார்த்து, செய்தியில் வேளச்சேரியையும் பார்த்து, மீதி வசனத்தையும் தானே எழுதி முடித்து, வாடிக்கையாளருக்கு நிலைமையை விளக்கி அனுப்பிவிட்டார். சிக்னல் வந்து போனைத் திறந்தபோது, ‘கிடைத்தது, நன்றி’ என்ற பதில் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது.

இரண்டு வாரம் கழித்து, டிசம்பர் 17, 18இல் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் வெள்ளம். அவர் போன் அணைந்திருந்தது. அந்த வாரம் அவருடைய மற்ற இரண்டு வாடிக்கையாளர்களின் டைம்கோடையும் நான் உட்கார்ந்து போட்டேன்.