போலந்தில் இரண்டு, மூன்று வேலை பார்ப்பவர்கள் முதலில் சரிசெய்ய வேண்டியவை

பகலில் கிடங்கு, இரவில் துப்புரவு என்று உழைக்கிறீர்களா? மாத வரிக்கழிவு கேட்டு வேலை இடத்தில் கொடுக்கும் பிட்-2 படிவத்தைத்தான் முதலில் பாருங்கள். மாதம் 300 ஸ்லாட்டி (போலந்து நாணயம்) வரிக்கழிவு ஓர் ஆளுக்கு ஒன்றுதான். இரண்டு இடத்திலும் முழுசாகக் கேட்டால் மாதாமாதம் கை நிறையும். ஆனால் ஏப்ரல் 30க்குள் பிட்-37 என்ற ஆண்டு வருமான வரிப் படிவத்தைத் தாக்கல் செய்யும்போது 3,600 வரை மொத்தமாகக் கட்ட நேரும். இடத்துக்கு 150 என்று பிரித்து எழுதுங்கள். மூன்று இடமென்றால் 100.

முதல் வேலை தொழிலாளர் சட்டப்படியான ஊழிய ஒப்பந்தமாக இருந்து, பிடித்தத்துக்கு முந்தைய சம்பளம் குறைந்தபட்ச ஊதியத்தை (2025இல் 4,666) எட்டினால், வேறு நிறுவனத்தில் போடும் ‘உமோவா ஸ்லெட்செனியே’ என்ற பணி ஒப்பந்தத்தில், காப்பீட்டுப் பிடித்தங்களில் மருத்துவக் காப்பீடு மட்டுமே கட்டாயம். அதை அங்கே எழுத்தில் தெரிவியுங்கள். அதே நிறுவனம் என்றால் இந்தச் சலுகை இல்லை.

வேலை நேரத்தை அன்றன்றே குறித்து வையுங்கள். சட்டப்படியான குறைந்தபட்ச மணிக்கூலியை (2025இல் 30.50 ஸ்லாட்டி) விடக் குறைத்தால் கேட்க அதுதான் ஆதாரம்.