ஜோகன்னஸ்பர்க் குளிரும் கேஸ் ஹீட்டரும்: நம்மவர்கள் செய்கிற தவறுகள்

ஜூன் பிறந்துவிட்டால் ஜோகன்னஸ்பர்க்கில் பல வீடுகளில் ஸ்டோர் ரூமிலிருந்து கேஸ் ஹீட்டர் வெளியே வந்துவிடும். ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்று நினைத்து ஊரிலிருந்து ஒரே ஒரு ஸ்வெட்டரோடு வந்து இறங்குகிறவர்களுக்கு இது அதிர்ச்சிதான். கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர். பகலில் சுள்ளென்று வெயில் அடிக்கும், ராத்திரி பூஜ்யத்தை நெருங்கும் குளிர், அதைத் தாங்க வெறும் செங்கல் சுவர்தான். வீடு முழுவதையும் சூடாக்குகிற ஏற்பாடு சாதாரண வீடுகளில் கிடையாது. கடலோர ஊரான டர்பனில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. 2023-ல் லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்துச் செய்கிற மின்வெட்டு, உச்சத்தில் இருந்தபோது கரண்ட் ஹீட்டரை நம்ப முடியாமல் கேஸுக்கு மாறியவர்கள் நிறையப் பேர், நாங்களும்தான்.

நமக்கு கேஸ் புதுசில்லை, சிக்கலே அதில்தான் இருக்கிறது. வீட்டில் அடுப்பைப் பற்றவைத்துப் பழகிய கை, ஹீட்டரையும் அடுப்பு மாதிரியே நடத்துகிறது. அடுப்பு அரைமணி நேரம் எரியும், பக்கத்தில் ஒருவர் நிற்பார், பால் பொங்கினால்கூடத் தெரிந்துவிடும். ஹீட்டர் ஆறு மணி நேரம் எரிகிறது, அதன் எதிரே எல்லோரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கண்ணயர்ந்திருக்கிறார்கள். இந்த ஒரு வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொண்டால் கீழே நான் எழுதுவதில் பாதியை நீங்களே யோசித்துக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

எங்கள் முதல் குளிர்காலத்தில் நான் செய்த காரியம், கதவின் அடியில் பழைய துண்டைச் சுருட்டி அடைத்தது, ஜன்னல் இடுக்குகளில் செய்தித்தாளைத் திணித்தது. சூடு வெளியே போகக் கூடாதல்லவா. மூன்றாம் நாள் மாலையிலேயே ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிய ஆரம்பித்தது, எனக்கும் மனைவிக்கும் தினமும் ராத்திரி தலைவலி, ஜலதோஷம் என்று சொல்லி மாத்திரை போட்டுக்கொண்டோம். எதிர்வீட்டுப் பாட்டி ஒருநாள் தட்டில் வடை கொண்டுவந்தார். கொள்ளுத்தாத்தா காலத்தில் கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். அவருக்குத் தமிழில் பாட்டு வரும், பேச்சு துண்டு துண்டாகத்தான் வரும். உள்ளே வந்தவர் கண்ணாடியைப் பார்த்தார், ஹீட்டரைப் பார்த்தார், வடைத் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு நேரே போய் ஜன்னலைத் திறந்தார். "வேணாம்யா, வேணாம்" என்று மட்டும் சொன்னார். அதன்பிறகு ஹீட்டர் எரியும்போதெல்லாம் ஒரு ஜன்னல் திறந்தே இருக்கும், அந்தத் தலைவலியும் திரும்ப வரவில்லை.

நடந்தது இதுதான். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. புகைக்குழாய் இல்லாத ஹீட்டரில் அது அத்தனையும் அறைக்குள்தான் வரும். ஒரு 9 கிலோ சிலிண்டர் தீர்வதற்குள் கிட்டத்தட்ட 15 லிட்டர் தண்ணீரை வீட்டுக்குள் தெளித்திருக்கிறோம் என்று கணக்கு. சுவரில் கரும்பூஞ்சை வருவது இதனால்தான். தண்ணீராவது கண்ணுக்குத் தெரிகிறது. அடைத்த அறையில் ஆக்ஸிஜன் குறையக் குறைய கேஸ் முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்காரவேண்டிய இடத்தில் அதைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், தலைசுற்றல். அப்புறம் தூக்கம், அது தூக்கமில்லை. ஜலதோஷம் மாதிரிதான் இருக்கும், ஆனால் காய்ச்சல் இருக்காது, வெளியே போனால் சரியாகிவிடும், வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வரும். ஜோகன்னஸ்பர்க் உயரத்தில் காற்றே கடலோரத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு மெலிவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகவே நாலு விரல் அளவாவது ஜன்னல் திறந்திருக்கட்டும். படுக்கப் போகும்போது ஹீட்டர் அணைந்திருக்க வேண்டும், குழந்தை இருக்கிற அறையில் ராத்திரி முழுக்க எரியவிடுவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். குளியலறைக்குள் கொண்டுபோகிறவர்களும் இருக்கிறார்கள். சின்ன அறை, கதவு சாத்தியிருக்கும், வேறென்ன சொல்ல.

கரண்ட் போனால் கேஸ் ஓவனைத் திறந்துவைத்துக் குளிர்காய்வது, கரி போட்ட இம்பாவுலாவை (ஓட்டை போட்ட தகர டின் கணப்பு) வெளியிலிருந்து வீட்டுக்குள் தூக்கி வருவது, இவையும் அதே ரகம். கரித்தணல் கேஸைவிட மோசம். புகை நின்றுவிட்டால் ஆபத்து போய்விட்டது என்று நினைப்பது தவறு.

அடுத்தது சிலிண்டரை மாட்டுவது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு ரெகுலேட்டர் என்றால் மேலிருந்து அழுத்தினால் 'டக்'கென்று உட்காருகிற சாமான். இங்கே அப்படி இல்லை, சிலிண்டரின் வால்வுக்குள் திருகி ஏற்ற வேண்டும், அதுவும் இடப்பக்க மரை. வழக்கமாக இறுக்குகிற பக்கம் திருப்பினால் கழன்றுகொண்டு வரும். நான் முதல் தடவை பத்து நிமிஷம் அந்தப் பித்தளையோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். முனையில் இருக்கிற ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா, காணாமலே போய்விட்டதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். அது சரியில்லை என்றால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும். ஊரிலிருந்து ரெகுலேட்டரைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். பொருந்தாது, பொருத்தப் பார்க்கவும் கூடாது.

மாட்டியதும் பாத்திரம் கழுவுகிற சோப்பை நுரைத்து வால்வு, ரெகுலேட்டர், டியூப் முனை எல்லாவற்றிலும் தடவி, சிலிண்டரைத் திறந்து, ஒரு நிமிஷம் உற்றுப் பாருங்கள். குமிழி ஊதினால் கசிவு. தீக்குச்சி கிழித்துக் கசிவு தேடுகிற வீரர்கள் இன்னும் இருக்கிறார்கள், அந்தக் கூட்டத்தில் சேர வேண்டாம். ஹீட்டரின் முதுகுப் பக்கம் டியூப் மடங்கிக் கிடக்கும், சூடான தகட்டில் உரசவும் செய்யும். மடித்துப் பார்த்தால் மேல்தோலில் வெடிப்பு தெரிகிறதா, அதில் அச்சடித்த தேதி எவ்வளவு பழசு, இரண்டையும் கவனியுங்கள். வெடித்ததற்கு டேப் சுற்றுவது சிக்கனமில்லை.

சிலிண்டர் விஷயத்தில் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. ஒரு கடையில் நிரப்பி வாங்கியது நாலு நாளில் தீர்ந்தது. மூன்று பலகை (சூடாகிச் சிவக்கிற பீங்கான் தகடு) உள்ள ஹீட்டரை முழு வேகத்தில் எரித்தால் மணிக்கு 300 கிராம் போகும், 9 கிலோ என்றால் முப்பது மணி நேரம் வர வேண்டும். அடுத்த முறை வீட்டுத் தராசில் நிறுத்தினேன். காலி எடை சிலிண்டரிலேயே குத்தியிருக்கும், அதைக் கழித்தால் ஆறரை கிலோதான் இருந்தது. குறைவாக நிரப்பினால் காசுதான் போகும், அதிகமாக நிரப்பினால்தான் வினை. உள்ளே இருப்பது திரவம், வெயிலில் நின்ற காரில் அது விரிய இடம் வேண்டும். அதனால் தராசில் வைத்து நிரப்புகிற இடமாகப் பாருங்கள். காரில் சிலிண்டரை நிமிர்த்தியே வையுங்கள், கண்ணாடியை இறக்கிவிடுங்கள், வழியில் மளிகை வாங்க நிறுத்தாதீர்கள்.

பற்றவைக்கும்போது நடக்கிற தவறு அவசரம். குமிழைத் திறந்து வைத்துக்கொண்டு டிக் டிக் என்று இருபது தடவை பொத்தானை அழுத்தினால், இருபத்தொன்றாவது தடவை 'குப்'பென்று முகத்துக்கு நேரே பிடிக்கும். மூன்று நாலு தடவையில் பிடிக்காவிட்டால் மூடிவிட்டு, ஐந்து நிமிஷம் காற்றாட விடுங்கள். பிடித்த பிறகு குமிழை இருபது முப்பது வினாடி அழுத்தியே வைத்திருக்க வேண்டும். உள்ளே ஒரு சின்ன உலோக முனை சூடானால்தான் வால்வு திறந்தே நிற்கும், சுடர் அணைந்தால் கேஸை அடைக்கிற காவல்காரன் அது. விட்டதும் அணைந்துபோகிறதே என்று எரிச்சல்பட்டு, குமிழுக்கு ஐஸ்கிரீம் குச்சியை முட்டுக்கொடுத்து வைத்திருந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன். காவல்காரனைக் கட்டிப்போட்டுவிட்டுத் தூங்குவதற்குச் சமம். பல ஹீட்டர்களில் அறையில் ஆக்ஸிஜன் குறைந்தாலும் தானாக அணைகிற அமைப்பு இருக்கிறது. அடிக்கடி அணைந்தால் ஹீட்டரைத் திட்டாமல் முதலில் ஜன்னலைப் பாருங்கள்.

பைலட் சுடர், அதாவது பலகையைப் பற்றவைக்கிற சின்னச் சுடர், நீலமாக இருக்க வேண்டும், பலகை சீராகச் சிவக்க வேண்டும். மஞ்சளாக நாக்கு நீட்டினால், புகைக்கரி படிந்தால், பலகை விரிசல் விட்டிருந்தால் எரிப்பதை நிறுத்திவிட்டுப் பதிவுபெற்ற ஆளிடம் காட்டுங்கள். துணி காயப்போடுகிற கொடியாகவும் ஹீட்டரைப் பயன்படுத்தாதீர்கள், சுற்றிலும் ஒரு மீட்டர் சும்மா கிடக்கட்டும், வேட்டி நுனியும் புடவைத் தலைப்பும் உட்பட.

கேஸ் வாடை அடித்தால் ஸ்விட்சைத் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இந்த கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம், தரையோடு தவழ்ந்து போய்த் தேங்கும். சிலிண்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போன பிறகு 112 அல்லது 10177-ஐக் கூப்பிடுங்கள். கருவி வாங்குகிறவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள்: கேஸ் கசிவைச் சொல்கிற கருவி தரைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், கார்பன் மோனாக்சைடு கருவி வேறு, அது படுக்கையறைப் பக்கம் இருக்க வேண்டும். ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது.

சுவரோடு பொருத்திய ஹீட்டரோ அடுப்போ இருந்தால் பதிவுபெற்ற ஆள் கொடுத்த கேஸ் சான்றிதழ் கட்டாயம். வீட்டை விற்கும்போது கேட்பார்கள், தீப்பிடித்த பிறகு காப்பீட்டுக்காரரும் கேட்பார்.

அணைக்கிற முறை இன்னும் ஒன்று பாக்கி. ஹீட்டர் குமிழை மட்டும் திருப்பிவிட்டுப் போகாதீர்கள். முதலில் சிலிண்டர் வால்வை மூடினால் டியூபில் மிச்சமிருப்பது எரிந்து தானே அடங்கும், பிறகு குமிழை மூடலாம். செப்டம்பரில் உள்ளே எடுத்து வைக்கும்போது சிலிண்டரைக் கழற்றி வெளியே, நிழலில், நிமிர்த்தி வையுங்கள். சாக்கடை வாய்க்குப் பக்கத்தில் வேண்டாம். ஹீட்டருக்குப் பழைய போர்வையைப் போர்த்துங்கள், அடுத்த ஜூனில் மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டிய பிறகே பற்றவையுங்கள். போன வருஷம் எங்கள் பைலட் குழாயில் சிலந்தி கூடு கட்டியிருந்தது, பஞ்சு மாதிரி ஒரு சின்ன உருண்டை.