தழும்பு க்ரீம் வாங்கும் முன்

விளம்பர வாசகத்தை விடுங்கள், டப்பாவின் பின்பக்கம் பாருங்கள். சிலிகான் (டைமெத்திகோன் போன்றவை) முதன்மைப் பொருளாக இருந்தால் புடைத்த, புதிய தழும்புக்கு வாங்கலாம். அது தோலின் ஈரம் ஆவியாகாமல் காக்கிறது. புண் முழுதாக மூடிய பிறகே தொடங்க வேண்டும். ஜெல் என்றால் தினம் 2 முறை மெல்லிய பூச்சு. ஒட்டும் ஷீட் என்றால் தினம் 12 மணி நேரத்துக்கு மேல். குறைந்தது 2–3 மாதம். பலரும் மூன்றாம் வாரமே நிறுத்திவிட்டு க்ரீமைத் திட்டுகிறார்கள்!

வெங்காயச் சாறு க்ரீம்களுக்கு ஆதாரம் பலவீனம். வைட்டமின் ஈ சிலருக்கு அரிப்பு, தடிப்பைத் தரும். பருவால் விழுந்த குழிகளை எந்த க்ரீமும் நிரப்பாது. காயத்தின் எல்லை தாண்டி வளரும் கீலாய்டு வகைத் தழும்புக்குத் தோல் மருத்துவர்தான். தழும்பு கறுக்காமலிருக்க, வெயிலில் போகும்போது எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் அவசியம்.