போனில் முதல்கட்டத் தேர்வு: புதிதாகச் செய்பவர்களுக்கு

ஒரு வேலைக்கு 40 பேர் விண்ணப்பித்தால் 40 பேரையும் நேரில் கூப்பிட முடியாது. அதற்குத்தான் போனில் இந்த 15 நிமிடப் பேச்சு. யாரை எடுப்பது என்று இதில் முடிவு செய்ய வேண்டாம். நேர்முகத்துக்கு அழைக்கலாமா என்று தெரிந்தால் போதும்.

முதலில், அந்த வேலைக்கு இல்லாமல் முடியாத தகுதிகள் மூன்றை எழுதிக்கொள்ளுங்கள். பத்து எழுதினால் யாருமே தேறமாட்டார்கள். அவற்றை வைத்து ஐந்தாறு கேள்விகள் தயார் செய்து, எல்லோரிடமும் அதே வரிசையில் கேளுங்கள். ஆளுக்கொரு கேள்வி கேட்டால் பிறகு எதை வைத்து ஒப்பிடுவது?

அடுத்து, முன்னறிவிப்பு இல்லாமல் கூப்பிடாதீர்கள். விண்ணப்பித்தவர் இப்போதைய அலுவலகத்தில் மேலாளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். முந்தின நாளே செய்தி அனுப்பி நேரம் கேளுங்கள். போனை எடுத்ததும், "இப்போ பேச வசதியா இருக்கா?" என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

சம்பளம், ஷிப்ட், எப்போது சேர முடியும் என்பதையெல்லாம் தொடக்கத்திலேயே முடித்துவிடுங்கள். நீங்கள் தரக்கூடிய சம்பள வரம்பையும் சொல்லுங்கள்.

இனிதான் முக்கியமான இடம். "வாடிக்கையாளர் புகாரைச் சமாளிப்பீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் "சமாளிப்பேன்" என்றுதான் சொல்வார்கள். "கடைசியாக உங்களுக்கு வந்த சிக்கலான புகார் எது? என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். "டீமாகச் சேர்ந்து சரி செய்தோம்" என்று பதில் வந்தால், "சரி, அதில் நீங்கள் செய்தது என்ன?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். போனில் ஐந்து நொடி மௌனம் நீளமாகத் தெரியும். நாமே பதிலை எடுத்துக் கொடுக்கத் தோன்றும். கொடுக்காதீர்கள். "பில்லை வாங்கிப் பார்த்தேன், வரி இரண்டு தடவை ஏறியிருந்தது" என்கிற மாதிரி விவரம் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் பெரும்பாலும் வரும்.

குரல் நடுங்கினாலோ லைன் விட்டுவிட்டுக் கேட்டாலோ மதிப்பெண் குறைக்காதீர்கள். வேலை போனில் பேசுவதாக இல்லாதபோது, பேச்சுத் திறமையை அளந்து என்ன பயன்? திருமணம், குழந்தை, மதம் பற்றிக் கேட்கவே கூடாது. பல நாடுகளில் அது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும்.

போனை வைத்ததும், அடுத்த ஆளைக் கூப்பிடும் முன் குறிப்பை முடித்துவிடுங்கள். "நல்ல மாதிரி தெரிகிறார்" என்று எழுதினால் மாலையில் அதற்கு அர்த்தம் இருக்காது. அவர் சொன்ன வார்த்தையையே எழுதி, ஒவ்வொரு தகுதிக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுங்கள்.

அப்புறம், "வெள்ளிக்கிழமைக்குள் சொல்கிறேன்" என்று சொல்லியிருந்தால், தேர்வாகாதவருக்கும் வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு வரி அனுப்பிவிடுங்கள். அவர் அந்தச் செய்திக்காகக் காத்திருப்பார்.