குளூட்டன் இல்லாத பேக்கிங்: அலமாரியில் என்னென்ன வாங்கி வைப்பது?

வீட்டில் ஒருவருக்கு சீலியாக் நோய் (கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் நோய்) என்று தெரிந்ததும், ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று போட்ட விலை கூடிய பாக்கெட்டுகளை ஆன்லைனில் வாங்கிக் குவிப்பவர்கள் உண்டு. அவ்வளவு அவசரம் வேண்டாம். கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும் வேண்டியதில் பாதி நம் மளிகைக் கடையிலேயே இருக்கிறது. அது எங்கே அரைபட்டு வந்தது என்பதில்தான் கவனம் வேண்டும்.

(இன்னும் பரிசோதனை செய்யவில்லை, சந்தேகம் மட்டும்தான் என்றால் கோதுமையை இப்போதே நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போனால், நோய் இருந்தும் இல்லை என்று வரலாம்.)

1. முதலில் அலமாரியைக் காலி செய்யுங்கள்

கோதுமை, மைதா, ரவை, பார்லி எல்லாம் தனி இடத்துக்குப் போகட்டும். இவை எல்லோருக்கும் தெரிந்தவைதான். ஒளிந்திருப்பவைதான் தொல்லை. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ சேர்ந்திருக்கும். காரா பிஸ்கட்டில் ஒரு சிட்டிகை போட்டால் போதும், பட்ட பாடெல்லாம் வீண். பார்லி மால்ட் சேர்த்த பானப் பொடிகள், சோயா சாஸ், ‘கேழ்வரகு சேமியா’ என்று விற்பவற்றில் பல, இவற்றின் பின்பக்கத்தையும் படித்துப் பாருங்கள். ஓட்ஸில் இயல்பாகக் கோதுமை கிடையாது. ஆனால் வயலிலும் ஆலையிலும் கலந்துவிடும். அதனால் குளூட்டன் இல்லை என்று போட்ட பாக்கெட்டாகவே வாங்குங்கள்.

அப்புறம், புதிதாக ஒரு சல்லடை. மைதா சலித்த பழைய சல்லடையின் கண்ணிகளில் ஒட்டியிருக்கும் மாவு கழுவினாலும் முழுதாகப் போகாது. பூரிக்கட்டை, மரக்கரண்டிக்கும் இதே கதைதான்.

2. மில்லுக்குப் போகுமுன் யோசியுங்கள்

தெருமுனை மாவு மில்லில் உங்களுக்கு முன்னால் கோதுமை அரைத்திருப்பார்கள். அதே கல்லில் அரைத்த கேழ்வரகு சீலியாக் உள்ளவருக்கு ஆகாது. இந்தியாவில் ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று போட வேண்டுமானால் ஒரு கிலோ உணவில் குளூட்டன் 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஒரு கைப்பிடி கோதுமை மாவு கலந்தாலே அந்த அளவு எங்கேயோ போய்விடும். எனவே ஒன்று, அப்படிக் குறித்த மாவு வாங்குங்கள். இல்லையென்றால் தானியத்தை வாங்கிக் கல், தூசி பார்த்துக் கழுவி, நிழலில் உலர்த்தி, வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலியுங்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி, செலவும் குறைவு.

3. வாங்க வேண்டியவை

உடம்பு கொடுக்கும் மாவு, மென்மை கொடுக்கும் ஸ்டார்ச், பிடித்து நிறுத்தும் பசை. இந்த மூன்றும் வேண்டும். பச்சரிசி மாவை மட்டும் வைத்துச் செய்த கேக் உதிர்ந்து, மணல் போல நறநறக்கும்.

மாவில் பச்சரிசி, கேழ்வரகு, வெள்ளைச் சோளம் போதும். அரிசி மாவு எவ்வளவு நைஸோ அவ்வளவு நல்லது. இடியாப்ப மாவு வேண்டாம். வறுத்திருப்பதால் தண்ணீரை வேறு மாதிரி இழுக்கும். ஸ்டார்ச்சுக்கு கார்ன்ஃப்ளோரும் மரவள்ளி ஸ்டார்ச்சும். மரவள்ளி கிடைக்காவிட்டால் ஜவ்வரிசியை நைஸாகப் பொடித்துச் சலித்து ஓரளவு சமாளிக்கலாம். மஞ்சள் நிற மக்காச்சோள மாவைக் கார்ன்ஃப்ளோர் என்று எடுத்து வந்துவிடாதீர்கள். நமக்கு வேண்டியது அந்த வெள்ளைப் பொடி.

பசைக்கு இரண்டு வழி. மருந்துக் கடையில் விற்கும் இசப்கோல் ரொட்டிக்கு அருமை. தண்ணீரில் ஊறி, மாவைப் பிசையும் பதத்துக்குக் கொண்டுவரும். சுவை, இனிப்பு எதுவும் சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள். கேக்குக்கு சாந்தன் கம் என்ற பசைப் பொடி; ஒரு கப் மாவுக்குக் கால் டீஸ்பூன் போதும். கூடினால் வழவழப்பு வந்துவிடும்.

பேக்கிங் பவுடரில் எந்த ஸ்டார்ச், கோதுமையுடையதா என்று ஒருமுறை பாருங்கள். சர்க்கரை, வெண்ணெய், முட்டையெல்லாம் எப்போதும் போலத்தான்.

4. ஒரு எலெக்ட்ரானிக் தராசு

ஒரு கப் அரிசி மாவும் ஒரு கப் கார்ன்ஃப்ளோரும் ஒரே எடை இல்லை. கப் கணக்கில் போனால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வரும்.

5. கலந்து வைப்பது

பச்சரிசி மாவு 400 கிராம், கேழ்வரகு மாவு 200, மரவள்ளி ஸ்டார்ச் 200, கார்ன்ஃப்ளோர் 200. மூன்று முறை சேர்த்துச் சலித்து, பெயரும் தேதியும் எழுதிய காற்றுப்புகாத டப்பாவில் போடுங்கள். பசையை இதில் கலக்க வேண்டாம். கேக்கா ரொட்டியா என்பதைப் பொறுத்து அப்போதைக்கப்போது சேர்க்கலாம்.

கம்பு மாவு, பாதாம் பொடி இரண்டிலும் கொழுப்பு அதிகம், சீக்கிரம் சிக்கு வாடை வரும். கொஞ்சமாக வாங்கி ஃப்ரிட்ஜில் வையுங்கள். டப்பாக்கள் மேல் தட்டிலேயே இருக்கட்டும். மைதா டப்பா மேலே இருந்தால் திறக்கும்போதெல்லாம் கீழே கொட்டும்.

முதல் கேக் செய்யும்போது, கரைத்த மாவை அரை மணி நேரம் ஊறவிட்டு, பேக்கிங் பவுடரைக் கடைசியில் கலந்து ஓவனில் வையுங்கள். அரிசி மாவு தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும்.