புயல் ராத்திரியைத் தாங்கும் கூடாரம்: வாங்குவது முதல் காயவைப்பது வரை

காற்று அடிக்கிற ராத்திரியில் கூடாரம் ஒழுங்காக நிற்கிறதா என்று பார்க்க டார்ச் வேண்டாம், காது போதும். துணி படபடவென்று அடித்துக்கொண்டால் எங்கோ தொய்வு இருக்கிறது. விறைப்பாக இழுத்துக் கட்டிய துணி ஒரே சீராக உறுமும். மழைத்துளி அதில் பட்டுத் தெறித்து ஓடிவிடும்.

இந்த வித்தியாசம் எனக்கு ஒரு மலைச்சரிவில்தான் புரிந்தது. கூடாரம் நல்ல கூடாரம். சாயங்காலம் வானம் தெளிவாக இருந்ததால் நான்கு மூலைக்கு மட்டும் முளை அடித்துவிட்டு, பக்கவாட்டுக் கயிறுகளைச் சுருட்டியபடியே விட்டுவிட்டேன். நள்ளிரவுக்கு மேல் மழை பிடித்தது. நனைந்த வெளித்துணி தொய்ந்து உள்துணியோடு ஒட்டியது. ஒட்டிய இடமெல்லாம் ஈரம் உள்ளே இறங்கி, விடியும்போது ஸ்லீப்பிங் பேக்கின் கால்பக்கத்தைப் பிழிந்தால் தண்ணீர் வந்தது.

முதன்முதலாகக் கூடாரம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பணத்தையும் கவனத்தையும் கடையிலேயே செலவழித்துவிடுகிறார்கள். அதனால் எதை வாங்குவது என்பதோடு, எப்படி இழுத்துக் கட்டுவது என்பதையும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

படி 1: எந்த வானிலைக்கு என்று முடிவு செய்யுங்கள்

கடைகளில் 'மூன்று பருவம்', 'நான்கு பருவம்' என்று இரண்டு வகை சொல்வார்கள். அந்த நான்காவது பருவம் பனிக்காலம். நான்கு பருவக் கூடாரத்தில் கம்பிகள் அதிகம், வெளித்துணி தரை வரை இறங்கியிருக்கும், உள்சுவரில் வலைக்குப் பதில் பெரும்பாலும் முழுத் துணி இருக்கும். காற்றில் பறந்து வரும் பொடிப்பனியும் மணலும் வலை வழியாக உள்ளே வந்துவிடும் என்பதுதான் காரணம்.

பனி கொட்டும் இடத்துக்கோ, மரமே இல்லாத உயரத்துக்கோ போகிறீர்கள் என்றால் நான்கு பருவம் வேண்டும். மற்றபடி பலத்த மழையும் காற்றும்தான் கவலை என்றால், உறுதியான மூன்று பருவக் கூடாரமே போதும் என்பது என் கருத்து. எடையையும் யோசியுங்கள். இருவர் படுக்கும் மூன்று பருவக் கூடாரம் சுமார் 1.2 முதல் 2 கிலோ வரை இருக்கும். நான்கு பருவம் என்றால் 2.5 கிலோவுக்கு மேல், சில 4 கிலோவைத் தொடும். நாள் முழுக்க அதைச் சுமக்கப்போவது உங்கள் தோள்.

'இருவர் கூடாரம்' என்றால் இரண்டு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு படுக்கலாம் என்று அர்த்தம். மழை விடாமல் பெய்தால் பகலிலும் உள்ளேயே உட்கார வேண்டிவரும். நனைந்த ஷூவும் பையும் வைக்க, கதவுக்கு வெளியே கூரையோடு கூடிய சின்னத் திண்ணை மாதிரி ஒரு இடம் கட்டாயம் வேண்டும்.

படி 2: வடிவத்தைப் பாருங்கள்

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். 30 கிலோமீட்டர் வேகத்தில் லேசாக அசைந்த கூடாரம், 60 கிலோமீட்டரில் அதன் இரட்டிப்பாக மட்டும் அசையும் என்று நினைத்துவிடாதீர்கள்.

இரண்டு கம்பிகள் உச்சியில் குறுக்கிடும் சாதாரண டோம் (குவிமாட வடிவம்) எளிது, ஆனால் பக்கச் சுவர்கள் பெரிதாக இருப்பதால் காற்று அமுக்கும். நான்கு கம்பிகளோ அதற்கு மேலோ பல இடங்களில் குறுக்கிட்டால் சுவர் சின்னச் சின்ன முக்கோணங்களாகப் பிரிந்துவிடும். முக்கோணம் அவ்வளவு சீக்கிரம் கோணாது. இதைத்தான் ஜியோடெசிக் என்கிறார்கள். அமெரிக்கக் கட்டட வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் குவிமாடங்களைப் பார்த்து, 1975-இல் நார்த் ஃபேஸ் நிறுவனம் ஓவல் இன்டென்ஷன் என்ற பெயரில் இப்படி ஒரு கூடாரத்தைக் கொண்டுவந்தது. பனிப்பாரம் தாங்க இந்த வடிவம் மிக நல்லது.

அடுத்தது சுரங்க வடிவம். வளைந்த கம்பிகள் வரிசையாக நிற்கும். எடைக்கு நிறைய இடம் கிடைக்கும். ஆனால் முளை அடிக்காமல் நிற்கவே நிற்காது. காற்று தலைப்பக்கமாக வந்தால் அசராது, பக்கவாட்டில் வந்தால் திணறும். பாறைத் தரையில் முளை இறங்காத இடங்களுக்குப் போகிறவர்கள் இதை யோசித்து வாங்கவும்.

பிரமிட் வடிவத்தையும் சொல்லவேண்டும். கம்புகளைச் சாய்த்து உச்சியில் சேர்த்த பிரமிட் கூடாரத்தை, தென்துருவம் வரை போன பிரிட்டிஷ்காரர் ராபர்ட் ஸ்காட் காலத்து அண்டார்டிகா பயணங்களில் பயன்படுத்தினார்கள். பிரிட்டிஷ் அண்டார்டிக் சர்வே என்ற ஆய்வு நிறுவனம் இன்றும் கிட்டத்தட்ட அதே வடிவத்தைத்தான் வைத்திருக்கிறது. அது முதுகில் சுமக்கிற எடை இல்லை. நடைபயணத்துக்கு வரும் பிரமிட்கள் நடுவில் ஒற்றைக் கம்பு மட்டும் கொண்ட லேசான வகை.

படி 3: துணி, தையல், கம்பி

துணியின் நீர்த்தாங்கும் திறனை மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். 1,500 மி.மீ. என்றால் அந்தத் துணி மேல் ஒன்றரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலும் கசியாது என்று பொருள். கூரைக்கு அது போதும். தரைத்துணிக்கு 3,000 அல்லது அதற்கு மேல் பாருங்கள். ஈரத் தரையில் முழங்காலை ஊன்றினால் மழையைவிட அதிக அழுத்தம் அங்கே விழுகிறது. எண் பெரிதாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு கூடாரத்தை எடுக்காதீர்கள். தையல் மோசமாக இருந்தால் 5,000 மி.மீ. துணியும் ஒழுகும்.

நைலான் வலுவானது, ஆனால் நனைந்தால் நீளும், தொய்யும். பாலியஸ்டர் அவ்வளவு தொய்யாது, வெயிலையும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். மேல் பூச்சு சிலிக்கானா பாலியூரித்தேனா என்றும் கேளுங்கள். சிலிக்கான் பூசிய துணி எளிதில் கிழியாது, நீண்ட காலம் உழைக்கும்; ஆனால் அதில் தையல் டேப் ஒட்டாது, தையல் மேல் சிலிக்கான் பசையை நீங்களே பூச வேண்டியிருக்கலாம். பாலியூரித்தேன் பூச்சில் தையல் டேப் தொழிற்சாலையிலேயே ஒட்டி வரும். துணியை உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் தையல் நெடுக ஒரு பளபளப்பான பட்டை தெரியும், அதுதான்.

கம்பி அலுமினியமாக இருக்கட்டும். அளவுக்கு மீறினால் அது வளையும், வளைந்ததை வைத்து ராத்திரியை ஓட்டிவிடலாம். ஃபைபர் கிளாஸ் பிளந்து சிலும்பிவிடும். கார்பன் லேசு, உடைந்தால் பட்டென்று உடையும்.

கடையில் கட்டாயம் செய்யவேண்டியது ஒன்று. கயிறு கட்டும் காதை விரலால் பிடித்து இழுத்துப் பாருங்கள். அது தைத்திருக்கும் இடத்தில் இரட்டைத் துணி ஒட்டு இருக்கவேண்டும். பிறகு வெளித்துணியைத் தூக்கி, அதே இடத்தின் அடிப்பக்கம் பாருங்கள். கம்பியைச் சுற்றி ஒட்டுவதற்கு ஒரு சின்ன வெல்க்ரோ பட்டை இருக்கும். அது இருந்தால்தான் வெளிக்கயிறு இழுக்கும் இழுப்பு நேராகக் கம்பிக்குப் போகும். பலர் வருஷக்கணக்காகக் கூடாரம் வைத்திருந்தும் அந்தப் பட்டையை ஒருமுறைகூட ஒட்டியதில்லை.

படி 4: கிளம்பும் முன் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள்

வீட்டுக்கு அருகில் எங்காவது முழுக்க நிறுத்துங்கள். எல்லாக் கயிற்றையும் கட்டுங்கள். ஹோஸ் பைப்பால் பத்து நிமிடம் தண்ணீர் அடியுங்கள், உள்ளே போய்த் தையல்களை விரலால் தடவிப் பாருங்கள். கசிந்தால் பசை பூசிக் காயவிடலாம். அப்புறம் கையுறை போட்டுக்கொண்டு இன்னொரு முறை நிறுத்துங்கள். குளிரில் விரல் மரத்துப்போனால் எந்தக் கொக்கி தொல்லை கொடுக்கும் என்று இப்போதே தெரிந்துவிடும்.

கூடவே வரும் முளைகள் பெரும்பாலும் மெல்லிய கம்பிகள்தான். குறுக்குவெட்டில் மூன்று பக்கம் விரியும் அலுமினிய முளைகள் நான்கைந்து தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். காற்று வரும் பக்கத்துக்கு அவைதான்.

படி 5: இடம்

பள்ளத்தில் புல் மெத்தென்று இருக்கும், ஆசைப்படாதீர்கள். மழைத் தண்ணீரும் ராத்திரிக் குளிர்காற்றும் அங்கேதான் வந்து தேங்கும். வறண்ட ஓடைப் படுகையும் வேண்டாம். மேலே எங்கோ பெய்த மழை இங்கே வெள்ளமாக இறங்கலாம். புதர்களில் குச்சியும் குப்பையும் எந்த உயரத்தில் சிக்கியிருக்கிறது என்று பாருங்கள், பழைய வெள்ளம் வந்த அளவு அது. மலை முகட்டிலும், இரண்டு மலைக்கு நடுவிலான கணவாயிலும் காற்று குவிந்து பாயும். சரிவில் கொஞ்சம் கீழே, ஒரு பெரிய பாறையோ அடர்ந்த புதரோ காற்றை மறைக்கும் மேட்டுத் தரைதான் நல்லது.

பிறகு அண்ணாந்து பாருங்கள். தலைக்கு மேல் பட்ட கிளை இருந்தால் நகர்ந்துவிடுங்கள். கூடாரம் மின்னலிலிருந்து காப்பாற்றாது என்பதால் ஒற்றை மரத்தடியும் வேண்டாம்.

படி 6: காற்றில் நிறுத்துவது

கூடாரத்தை உதறி விரிப்பதற்கு முன்பே கம்பிகளைப் பூட்டி வைத்துக்கொள்ளுங்கள். குறுகலான பக்கம் காற்றைப் பார்த்து, கதவு எதிர்ப்பக்கம். காற்று வரும் பக்க மூலைகளில் முதலில் முளை அடியுங்கள். அது அடித்து முடியும் வரை துணியைக் கையிலிருந்து விடவே கூடாது. உங்கள் பையைத் தூக்கி அதன்மேல் வைத்தாலும் சரி.

கம்பி நுழைய துணியில் குழல் மாதிரி தைத்திருக்கும் மடிப்புக்குள் கம்பியைத் தள்ளித்தான் செலுத்தவேண்டும். மறுமுனையிலிருந்து இழுத்தால் மூட்டு கழன்று உள்ளே சிக்கிக்கொள்ளும்.

முளையின் தலை கூடாரத்தைவிட்டு விலகிச் சாய்ந்திருக்கட்டும். கயிறும் முளையும் ஏறக்குறைய செங்கோணத்தில் இருக்கவேண்டும். தலை மண்ணைத் தொடும்வரை இறக்குங்கள். பாதி வெளியே நின்றால் கயிறு அதை நெம்பிப் பிடுங்கிவிடும். தரை பாறையாக இருந்தால், கயிற்றை ஒரு சிறு கல்லில் கட்டுங்கள். அந்தக் கல்லுக்கும் கூடாரத்துக்கும் நடுவே, கயிற்றின் மேலேயே ஒரு பெரிய கல்லைத் தூக்கி வையுங்கள். கயிறு இழுக்கும்போது சிறு கல் பெரிய கல்லில் முட்டி நின்றுவிடும். பனியிலும் மணலிலும் ஒரு பையை அதே பனியாலோ மணலாலோ நிரப்பி, கயிற்றைக் கட்டிப் புதைத்து மிதியுங்கள். பனி அரை மணி நேரத்தில் இறுகிவிடும்.

இனி கயிறுகள். ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் கட்டுங்கள், வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும். ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் கூடாரம் கோணிக்கொள்ளும். எதிரெதிர்க் கயிறுகளை ஜோடியாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். சுவரில் சுருக்கம் மறைந்து, விரலால் சுண்டினால் துணி அதிரவேண்டும். கம்பி கோணும் அளவுக்கு இழுத்தால் அது அதிகம்.

இறுக்கும் பிளாஸ்டிக் கட்டை வழுக்கினாலோ உடைந்தாலோ ஒரு முடிச்சு தெரிந்திருப்பது நல்லது. கயிற்று நுனியை முளையைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். உண்டான வளையத்தின் உள்பக்கமாக, நீளக் கயிற்றின்மேல் இரண்டு சுற்று. பிறகு வளையத்துக்கு வெளியே கூடாரத்தின் பக்கமாக ஒரு சுற்று சுற்றி, நுனியை அதற்குள்ளேயே செருகி இறுக்குங்கள். கையால் நகர்த்தினால் நகரும், கயிறு இழுத்தால் நகராது.

அடியில் தனி விரிப்பு போட்டால் அது கூடாரத் தரையைவிட ஒரு விரல் அளவுகூட வெளியே நீட்டக்கூடாது. நீட்டினால் மழையைப் பிடித்து உங்கள் முதுகுக்கு அடியில் கொண்டுவந்து சேர்க்கும்.

படி 7: ராத்திரி

நைலான் என்றால் மழை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வெளியே போய் எல்லாக் கயிற்றையும் மறுபடி இறுக்குங்கள். சோம்பல் வரும், ஆனாலும் போங்கள். ஹெட்லைட்டும் ரெயின்கோட்டும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

காற்றுத் துவாரங்களை மூடாதீர்கள். மூச்சிலும் தோலிலும் ஒரு ஆள் ஒரு ராத்திரியில் ஒரு டம்ளருக்குக் குறையாத ஈரத்தை வெளியே விடுகிறார். வெளியே போக வழி இல்லை என்றால் அது துணியின் உள்பக்கம் வியர்த்துச் சொட்டும். கூடாரம் ஒழுகுகிறது என்று பலர் சொல்வது பாதி நேரம் இந்த வியர்வையைத்தான்.

மூடிய கூடாரத்துக்குள் அடுப்பு எரிக்கவே கூடாது. தீ ஒரு ஆபத்து. அதைவிடப் பெரிய ஆபத்து நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு. தூக்கம் வருவது போலத்தான் இருக்கும், உயிரே போய்விடும். தயவுசெய்து இதில் விதிவிலக்கு வைக்காதீர்கள்.

பனி பெய்தால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை உள்ளிருந்து சுவரைத் தட்டி உதிர்த்துவிடுங்கள். வெளியே அடிவிளிம்பில் குவிந்ததையும் வாரிவிடுங்கள். விளிம்பு அடைபட்டால் காற்றோட்டமும் நின்றுவிடும்.

கம்பி உடைந்தால், பெரும்பாலான கூடாரங்களோடு வரும் குட்டிக் குழாயை முறிவின் மேல் நகர்த்தி, இரண்டு பக்கமும் டேப் சுற்றுங்கள். கிழிசலுக்கு ஒட்டுத்துணி, சிலிக்கான் துணிக்கு அதற்கென்று உள்ளதுதான் ஒட்டும்.

படி 8: திரும்பி வந்த பிறகு

ஈரத்தோடு பையில் போட்டு மறந்துவிட்டால் பாலியூரித்தேன் பூச்சு நாளடைவில் பிசுபிசுத்து, புளித்த வாடை அடித்து, உரிய ஆரம்பிக்கும். அதைத் திரும்பச் சரிசெய்ய முடியாது. வந்த அன்றே நிழலில் விரித்துப் போடுங்கள், வெயில் துணியை நைத்துவிடும். அழுக்கு இருந்தால் ஸ்பாஞ்சும் வெறும் தண்ணீரும் போதும், வாஷிங் மெஷின் வேண்டாம். ஜிப் பற்களில் ஏறிய மண்ணைப் பழைய டூத் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

நன்றாகக் காய்ந்ததும் பெரிய துணிப்பையில் தளர்வாகப் போட்டு வையுங்கள். முளைகளை எண்ணிப் போடுங்கள். ஒவ்வொரு கயிற்றையும் இரண்டு விரலில் எட்டு வடிவத்தில் சுற்றி, நடுவில் ஒரு சுற்றுப் போட்டு வைத்தால், அடுத்த முறை இருட்டில் நுனியைப் பிடித்து இழுத்ததும் சிக்கில்லாமல் அவிழும்.